எஞ்சிய உணவும் வீட்டுப் போறணையும்

ஆறு பேர் கொண்ட ஒரு கமக்காரக் குடும்பத்தில் இராச்சாப்பாடு முடிந்தபின் பானையின் அடியில் ஒரு கோப்பைச் சோறு எஞ்சுதல் வழக்கம். அதன் நிறை 300 கிராம் எனக் கொண்டால், அது ஏறத்தாழ 100 கிராம் அரிசியின் சோறாகும். அதனை நாள்தோறும் கொட்டிவிடும் வீட்டில் ஓர் ஆண்டில் வீணாகும் அரிசி 36 கிலோகிராம். நூறு பங்கு நெல்லைக் குற்றினால் அறுபத்தைந்து பங்கு அளவில் அரிசி கிடைக்குமாதலின், அந்த அரிசிக்கு வேண்டிய நெல் 55 கிலோகிராம் ஆகும். ஒரு புசல் நெல்லின் நிறை 21 கிலோகிராம். ஆகவே கொட்டப்பட்டது இரண்டரைப் புசல் நெல். ஓர் ஏக்கர் வயலுக்கு வீசி விதைப்பதற்கு விதந்துரைக்கப்படும் விதைநெல் இரண்டு புசல் அளவே என்பது கமக்காரர் யாவரும் அறிந்தது. விதைநெல்லை ஒருபிடி சிந்தினாலும் குனிந்து பொறுக்குபவர், அதனிலும் மிகுதியான நெல்லை அடுக்களை வாயிலாக வெளியே விடுகின்றனர்.

இது ஒரு வாயில். மற்றொரு வாயிலும் உண்டு. உழவுக்கோ களை பறிப்பதற்கோ விடியுமுன் வயலுக்குச் செல்லவேண்டிய நாட்களில் காலையுணவு சமைக்க நேரமிராது. இசை ஒலிக்க ஒழுங்கையால் வரும் முச்சக்கரவண்டியில் இரண்டு இறாத்தல் பாண் வாங்கப்படும். பின்னர் நேரம் இருக்கும் நாட்களிலும் அதுவே பழக்கமாகிவிடும். காலபோக வெள்ளாண்மை கதிர் தள்ளி நிற்கும் கார்த்திகை, மார்கழி மாதங்களில், பசளைக்கும் மருந்துக்கும் கடன் ஏறியிருக்கும் வேளையில், களஞ்சியத்தில் சென்ற போகத்து நெல் இருக்கவே, கைக்காசு பாணுக்குச் செல்கின்றது.

வீட்டிலே பாண் சுட்டால் செலவு குறையும் என்று பொதுவாகச் சொல்லப்படுகின்றது. இது முழுவதும் உண்மையன்று. கோதுமை மாவைச் சில்லறை விலைக்கு வாங்கி, எரிவாயு அடுப்பை எரித்து, ஒரேயொரு இறாத்தல் பாணைச் சுடுபவருக்கு மிச்சம் எதுவும் இராது. சில வேளைகளில் நட்டமும் உண்டாகும். சொந்த நிலத்தில் விளைந்த தானியத்தையும் கிழங்கையும் மாவோடு சேர்த்து, விலைகொடுத்து வாங்காத விறகையோ சிரட்டையையோ எரித்து, ஒருமுறை மூட்டிய தணலின் சூடு ஆறுமுன் பல பொருள்களைச் சுட்டெடுக்கும் வீட்டிலேயே மெய்யான சிக்கனம் உண்டு. பாண் சுடும் நாளை, எஞ்சிய உணவுகளைப் பயன்படுத்தும் நாளாகவும் அமைத்துக்கொண்டால் அந்தச் சிக்கனம் இரட்டிப்பாகும்.

கோதுமை வந்த வழி

இலங்கையின் காலநிலையில் கோதுமை வாணிபப் பயிராக விளைவதில்லை. 1942 இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. அரிசி பங்கீட்டுக்கு உட்பட்டது. அக்குறையை நிரப்பக் கோதுமை மா பெருமளவில் வந்திறங்கியது. அதன்பின்னரே பாண் பட்டினங்களைக் கடந்து கிராமங்களிலும் அன்றாட உணவாக வேரூன்றியது. 1980 இல் திருகோணமலையில் பெரிய மாவாலை இயங்கத் தொடங்கிய பின்னர் மா நாட்டிலேயே அரைபடுகின்றது. ஆயினும் அரைபடும் கோதுமை கப்பலிலேயே வருகின்றது. 2022 ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி அற்றுப்போனபோது கோதுமை மாவின் விலையும் சமையல் எரிவாயுவின் விலையும் ஒருங்கே ஏறிப் பல பேக்கரிகள் மூடப்பட்டமை இன்னும் மறக்கப்படவில்லை. குரக்கனும் மரவள்ளியும் அரிசி மாவும் அப்போது பல வீடுகளில் மீண்டும் அடுப்பேறின. அவ்வாண்டு கற்றதை விலை தணிந்ததும் கைவிடுதல் அறிவுடைமையாகாது.

சொந்த மா

பச்சையரிசிக்காக நெல்லைக் குற்றும்போது, புழுக்கிக் குற்றுவதிலும் கூடுதலான குறுணல் உண்டாகும். குறுணல் சோற்றுக்கு நயமானதன்று. மலிவு விலைக்கு ஆலையிலேயே விடப்படுவதும் உண்டு. ஆனால் மாவுக்கு அது முழு அரிசிக்குச் சற்றும் குறைந்ததன்று. ஆதலின் குறுணலைக் கேட்டுப் பெற்று வீட்டுக்குக் கொண்டுவருதல் வேண்டும். அதனைக் கல்லரித்துக் கழுவி, ஓரிரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, இடித்தோ அரைத்தோ அரித்தெடுக்கலாம். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் மாவை வறுத்து வைக்கும் வழக்கம் நன்று. வறுத்த மா ஈரம் நீங்கியிருப்பதால் நெடுநாள் கெடாது. பாணில் சேர்ப்பதற்கோ வறுக்காத, மெல்லிய அரிதட்டில் அரித்த மாவே தகுந்தது. வறுக்காத ஈரமா ஓரிரு நாளில் புளித்துவிடுமாதலால், வெயிலில் நன்கு காயவைத்த பின்னரே பேணியில் அடைக்கவேண்டும். சிவப்பரிசி மாவில் தவிட்டின் எண்ணெய் உள்ளது. அது காறல் மணம் கொள்ளுமுன், அதாவது சில வாரங்களுக்குள், செலவிடத்தக்க அளவே இடித்துக்கொள்ளல் வேண்டும்.

குரக்கனைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உண்டு. அதே நிறையுள்ள தீட்டிய அரிசியில் இருப்பது 10 மில்லிகிராம் அளவே. வளரும் பிள்ளைகளும் பாலூட்டும் தாய்மாரும் உள்ள வீட்டில் இஃதொன்றே போதிய காரணமாகும்.

கோதுமை மாவிலன்றி வேறெந்த மாவிலும் பாண் ஏன் நன்றாகப் பொங்குவதில்லை என்பதை அறிந்துகொள்ளல் பயனுடையது. கோதுமை மாவை நீர்விட்டுப் பிசையும்போது குளுட்டன் என்னும் இழுபடும் பொருள் உண்டாகின்றது. கடையில் ஈஸ்ற் என விற்கப்படும் மதுவம் மாவிலுள்ள வெல்லத்தை நொதிக்கச்செய்து காபனீரொட்சைட்டு வாயுவை வெளிவிட, அவ்வாயுவைப் பலூன்போல அடக்கி வைத்திருப்பது அக்குளுட்டனே. அரிசி, குரக்கன், மரவள்ளி ஆகியவற்றின் மாவில் அது இல்லை. எனவே அவற்றை ஓர் அளவுக்குமேல் சேர்த்தால் பாண் கல்லாகிவிடும். ஐந்தில் ஒரு பங்கு வரை சேர்ப்பதில் தீங்கில்லை. இடியப்பத்துக்கென்று அவித்து வைத்த கோதுமை மாவைப் பாணுக்கு எடுக்கலாகாது. அவிக்கும்போதே அதன் இழுபடும் தன்மை கெட்டுவிடுகின்றது. இடியப்பம் உரலில் எளிதாகப் பிழிபடுவதற்காக மாவை அவிப்பதும் அத்தன்மையைக் கெடுப்பதற்கே.

மா பிசைதல்

கோதுமை மா 800 கிராம், அரிசி மா அல்லது குரக்கன் மா 200 கிராம், உப்பு 15 கிராம், சீனி 20 கிராம், உலர்ந்த ஈஸ்ற் 10 கிராம், தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, வினாகிரி இரண்டு தேக்கரண்டி, நீர் 600 மில்லிலீற்றருக்குச் சற்று மேல். இவ்வளவும் சேர்ந்தால், சுட்டு ஆறியபின் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் பாண் கிடைக்கும். அதாவது 450 கிராம் நிறையுள்ள மூன்று இறாத்தல் பாணும், பிள்ளைகளுக்குச் சில பணிஸ்களும் ஆகும். செலவைக் கணிப்போர் ஓர் இறாத்தல் பாணுக்கு 300 கிராம் மா என்று கொள்ளலாம். அந்த 300 கிராமில் 60 கிராம் சொந்த மாவாயின், வாங்கவேண்டியது 240 கிராமே.

ஈஸ்றை இளஞ்சூடான நீரிலே சீனியுடன் கரைத்துப் பத்து நிமிடம் வைத்தால் நுரைக்கும். நுரைக்காத ஈஸ்ற் இறந்துவிட்டது; அதனைக் கொண்டு மாவைப் பாழாக்கவேண்டாம். கைபொறுக்காத சூட்டு நீரும் அதனைக் கொன்றுவிடும். மா கையில் ஒட்டாது இழுபடும் வரை பத்துப் பன்னிரண்டு நிமிடம் நன்கு பிசைந்து, ஈரத்துணியால் மூடிவைக்கவேண்டும். இந்நாட்டு வெப்பத்தில் ஒரு மணி நேரத்தில் அது இருமடங்காகும். பின்னர் அமர்த்திப் பிரித்து, உருவாக்கி, மீண்டும் அரை மணி நேரம் பொங்கவிடவேண்டும். குளிர்நாட்டு நூல்களிலே கூறப்படும் இரண்டு மூன்று மணி நேரக் கணக்கை இங்கே பின்பற்றினால் மா புளித்து அமிழ்ந்துவிடும். பனங்கள்ளு கிடைக்கும் இடங்களில் அப்ப மாவுக்கு அதனை விட்டுப் புளிக்கவைப்பது பழைய முறை. கள்ளிலும் மதுவம் உண்டு. புதிய கள்ளை நீருக்குப் பதிலாக ஒரு பங்கு விட்டுப் பாணுக்கும் மாவைப் பொங்கவைக்கலாம்; நேரம்தான் கூடுதலாகச் செல்லும்.

வினாகிரி ஏன் என்று கேட்கப்படலாம். அதற்குத் தக்க விடை உண்டு. அது பின்னே வரும்.

சட்டிப் போறணை

செங்கல்லால் கட்டிய போறணை எல்லா வீட்டுக்கும் வேண்டியதில்லை. அகன்ற வாயுள்ள அலுமினியத் தாச்சியோ கனத்த மண்சட்டியோ போதும். அதன் அடியில் இரண்டு விரற்கடைத் தடிப்புக்குக் கழுவிக் காய்ந்த ஆற்றுமணலைப் பரப்பவேண்டும். உப்புள்ள கடல்மணல் உலோகத்தை அரிக்குமாதலால் ஆகாது. மணலின்மேல் மூன்று சிறு கற்களை வைத்து, அவற்றின்மேல் மா வைத்த தட்டை இருத்தவேண்டும். மேலே விளிம்புள்ள தகரமூடி. அதன்மேல் சிரட்டைத் தணல். கீழிருந்து வரும் நெருப்பு மெல்லியதாகவும் மேலுள்ள தணல் சற்றுக் கூடியதாகவும் இருத்தல் வேண்டும். வட்டிலிலே தணலிட்டுப் பணியாரங்களை மேலும் கீழும் வேகவைத்த பழைய கைப்பழக்கம் உள்ள மூதாட்டியர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர்.

மணல் சூடாக இருபது நிமிடம் செல்லும். சூட்டை அறிவதற்கு ஒரு தேக்கரண்டி மாவைத் தகரத் தட்டொன்றில் தூவி உள்ளே வைத்துப் பார்க்கலாம். சில நிமிடங்களில் மெல்லப் பொன்னிறமானால் சூடு சரி. வைத்தவுடன் கருகினால் தணலில் பாதியை அகற்றவேண்டும். வெண்மை மாறாதிருந்தால் இன்னும் பொறுக்கவேண்டும். இச்சட்டியில் கடைப்பாண் போன்ற உயரமான பாணைச் சுட முயல்பவர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர். மேற்புறம் கருகும், நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். நாலு விரல் உயரத்துக்கு மேற்படாத தட்டைப் பாணும் பணிஸும் இதற்கு ஏற்றவை. பால்மாப் பேணிகளை அச்சாகப் பயன்படுத்துவோர், உள்ளே வர்ணம் பூசிய பேணிகளையும் துருப்பிடித்தவற்றையும் தவிர்த்தல் வேண்டும். பாணைக் கவிழ்த்து அடியில் விரலால் தட்டும்போது வெறும் பெட்டியைத் தட்டியதுபோல் ஒலித்தால் வெந்துவிட்டது. ஆறுமுன் வெட்டினால் உள்ளே களியாகத் தோன்றும்; அது வேகாமையன்று, பொறுமையின்மை.

ஓர் எச்சரிக்கை. தணலிலிருந்து காபனோரொட்சைட்டு என்னும் நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு வெளிவரும். அடைத்த அறையில், மழைக்குக் கதவு யன்னல்களைச் சாத்திக்கொண்டு சட்டிப் போறணையை மூட்டுதல் உயிருக்கு ஆபத்தாகும். திண்ணையோ தாழ்வாரமோ இதற்குரிய இடம்.

சூடு ஆறுமுன்

வாரத்தில் ஒருநாள், மதியச் சமையல் முடிந்து அடுப்பில் தணல் நிறைந்திருக்கும் வேளையே போறணை மூட்டத் தகுந்தது. முதலில் பாண். அது முழுச் சூட்டை வேண்டும். பாண் இறங்கியதும் சூடு சற்றுத் தணிந்திருக்கும். அப்போது கனிந்த வாழைப்பழத்தில் செய்த பலகாரத்தை வைக்கலாம். கதலியோ கப்பலோ, தோல் கறுத்துக் குலையிலிருந்து உதிரும் பழம் சந்தையில் விலைபோகாது. ஆனால் இனிப்பு அதிலேயே மிகுதி. நான்கு பழத்தை மசித்து, இரண்டு சுண்டு மா (பாதி குரக்கன்), சிறிது பனங்கட்டி, தேங்காய்ப்பூ, உப்பு, ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா சேர்த்து வாழையிலை விரித்த தட்டில் ஊற்றினால் முக்கால் மணியளவில் வெந்துவிடும். சீனி பெரும்பாலும் வேண்டாம்.

அதன்பின், மேலே தணல் சாம்பல் பூத்து, மணல் மட்டும் வெதுவெதுப்பாய் இருக்கும். இச்சூட்டைப் பெரும்பாலோர் வீணே விட்டுவிடுகின்றனர். முந்திய வாரத்துப் பழம்பாணை விரற்கடைத் தடிப்பான துண்டுகளாக வெட்டி, இச்சூட்டில் ஓரிரு மணி நேரம் வைத்தால் ஈரமெல்லாம் நீங்கி மொறுமொறுப்பாகும். காற்றுப்புகாப் பேணியில் அடைத்தால் பல வாரம் இருக்கும். வயலுக்குக் கொண்டுசெல்வதற்கும் தேநீரில் நனைத்துக் குழந்தைகளுக்குக் கொடுப்பதற்கும் உகந்தது. அவற்றை இடித்தால் கட்லட்டுக்குப் பூசும் பாண்தூள் கடையில் வாங்கவேண்டியதில்லை.

பழம்பாண்

பாண் இறுகுவது உலர்வதனால் மட்டும் என்று எண்ணுதல் தவறு. வெந்து மென்மையாகிய மாப்பொருள் ஆறியபின் மெல்ல மெல்ல மீண்டும் இறுகிக்கொள்வதே முதற்காரணம். இம்மாற்றம் குளிர்ப்பெட்டியின் குளிரில் மிக விரைவாக நிகழும். ஆகவே இறுகாதிருக்கவென்று பாணைக் குளிர்ப்பெட்டியில் வைப்பவர் எதிர்விளைவையே பெறுவர். சூடாக்கினால் இறுக்கம் தற்காலிகமாக நீங்கும். நீர் தெளித்து, பிட்டுப்பானையின் ஆவியில் ஐந்து நிமிடம் வைத்த பாண் அன்று சுட்டதுபோல் மென்மையாகும். ஆயினும் உடனே உண்ணவேண்டும். நீரில் நனைத்துப் பிழிந்த பழம்பாணைப் புதிய மாவில் பத்தில் ஒரு பங்காகச் சேர்த்துப் பிசைதலும் உண்டு. பேக்கரிக்காரர் பலநாட்டிலும் கையாண்ட முறை இது. 200 கிராம் பழம்பாண், 400 மில்லிலீற்றர் பால், இரண்டு முட்டை, இனிப்புக்குப் பனங்கட்டி சேர்த்து ஆவியில் அவித்தால் விருந்தினருக்கும் வைக்கத்தக்க புடிங் ஆகும்.

ஆனால் எந்தப் பழம்பாணும் ஆகுமா என்றால், ஆகாது. இரண்டு பழுதுகளைக் கவனித்தல் வேண்டும்.

முதலாவது பூஞ்சணம். பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்திருக்கும் இடத்தை வெட்டியெறிந்துவிட்டு மற்றதை உண்பது பரவலான வழக்கம். பாண் மென்மையும் துளைகளும் உள்ள பொருளாதலின், மேலே தெரியும் பூப்பு முளையே; கண்ணுக்குப் புலப்படாத இழைகள் உள்ளே ஊடுருவியிருக்கும். கோழிக்குப் போட்டால் தீங்கில்லை என்ற எண்ணமும் தவறானது. 1960 இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் பூஞ்சணம் பற்றிய நிலக்கடலைப் பிண்ணாக்கை உண்டு மடிந்தன. அந்த ஆய்விலிருந்தே, ஈரலைக் கெடுக்கும் அஃபிளாடொட்சின் என்னும் நஞ்சு அறியப்பட்டது. பாணில் வளரும் பூஞ்சணம் யாவும் அந்நஞ்சைத் தருவதில்லை. ஆனால் எது தரும், எது தராது என்பதைக் கண்ணால் பிரித்தறிய முடியாது. பூஞ்சணம் பிடித்தது கூட்டெருக் குழிக்கே உரியது.

இரண்டாவது பழுது வெளியே தெரியாது. வெட்டிப்பார்த்தால் உட்பகுதி பிசுபிசுத்து, பிரிக்கும்போது சிலந்திநூல்போல் இழுபடும். அழுகிய அன்னாசிப்பழம் போன்ற மணம் வீசும். மாவோடு வரும் ஒருவகைப் பற்றீரியாவின் வித்துகள் பாண் வேகும் சூட்டிலும் இறவாதிருந்து, வெப்பமும் ஈரமும் மிகுந்த காலத்தில் ஓரிரு நாளில் பெருகுவதால் உண்டாவது இது. புளிப்பு இப்பற்றீரியாவுக்குப் பகை. மாவில் விடும் இரண்டு தேக்கரண்டி வினாகிரி இதற்காகவே. இப்பழுது கண்ட பாணைத் துண்டொன்றுகூட வைத்திராது நீக்கி, பேணியையும் வெட்டும் பலகையையும் வினாகிரி கலந்த நீரால் துடைத்தல் வேண்டும்.

எஞ்சிய சோறு

பெருமிச்சமும் பெருந்தீங்கும் ஒருங்கே உள்ள இடம் இதுவே. சோறு வெந்தாலும் இறவாத வித்துகளையுடைய பற்றீரியா வகையொன்று அரிசியில் இயல்பாகவே உண்டு. மூடிய பானையில் வெதுவெதுப்பாய்க் கிடக்கும் சோற்றில் அவ்வித்துகள் முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு மீண்டும் கொதிக்கவைத்தாலும் அழியாது. உண்ட சில மணி நேரத்துக்குள் வாந்தி உண்டாகும். சோறு கெட்டதற்கு மணமோ குணமோ காட்டாமலும் இருக்கலாம். ஆகவே, “காலையில் நன்றாகச் சூடாக்கினால் சரி” என்பது பிழையான துணிவு. காலையில் செய்வதைக் காட்டிலும் இரவிலே செய்வதே முக்கியமானது.

இராச்சாப்பாடு முடிந்தவுடன் எஞ்சியதைப் பானையில் விடாது அகன்ற தட்டில் பரப்பி ஆறவிடவேண்டும். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் அது ஆறிவிடல் நன்று. குளிர்ப்பெட்டி உள்ளவர் ஆறியதும் அதில் வைக்கலாம். இல்லாதவர், கொதித்தாறிய நீரைச் சோறு மூழ்க விட்டு, சுத்தமான மண்பானையில் மூடி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்தல் பழைய வழக்கம். நீரில் ஊறும் சோறு இலற்றிக்கமிலத்தால் இலேசாகப் புளித்து, வேறு பற்றீரியாக்கள் பெருகுவதை ஓரளவு தடுக்கும். இதுவே பழஞ்சோறு. காலையில் தயிரும் பச்சைமிளகாயும் வெங்காயமும் சேர, வயலுக்குச் செல்வோருக்கு இதனினும் குளிர்ச்சியான உணவு அரிது. அன்று காலையே அதனை முடித்துவிடவேண்டும், மதியத்துக்கு வைக்கலாகாது. வழுவழுப்போ கெட்ட மணமோ இருந்தால் கொட்டத் தயங்கவேண்டாம். கைக்குழந்தைகளுக்கும் நோயாளருக்கும் கருவுற்றோருக்கும் அன்றன்று சமைத்ததையே கொடுத்தல் நலம்.

உண்ணாது மிஞ்சிய, முறைப்படி ஆறவைத்த சோற்றை மசித்து, அதில் பாதியளவு அரிசி மாவோ குரக்கன் மாவோ சேர்த்து, தேங்காய்ப்பூ, அரிந்த வெங்காயம், முருங்கையிலை, உப்புடன் குழைத்துத் தோசைக்கல்லில் தட்டலாம். இந்த ரொட்டி மா மட்டும் இட்டுச் செய்ததிலும் மென்மையானது; மதியம்வரை இறுகாது. அப்பத்துக்கு மா கரைக்கும்போது ஒருபிடி சோற்றை அரைத்துச் சேர்ப்பதன் காரணமும் இதுவே. பாண் மாவிலும் 1 கிலோகிராமுக்கு 150 கிராம் மசித்த சோறு சேர்க்கலாம். சோற்றின் ஈரத்துக்கு ஏற்ப நீரைக் குறைக்கவேண்டும். அவ்வாறு சேர்த்த பாண் ஒருநாள் பிந்தியே இறுகும்.

எஞ்சிய பிட்டை நீர் தெளித்து மீண்டும் அவிப்பதும், இடியப்பத்தை உதிர்த்துக் கடுகு, வெங்காயம் தாளித்துப் பிரட்டுவதும், ரொட்டியை அரிந்து கொத்தாக்குவதும் யாவரும் அறிந்தவை.

சுண்டக்கறி

இராக்கறிகளை ஒரே சட்டியில் இட்டுக் காலையில் வற்றச்சுண்டும் சுண்டக்கறியின் சுவையை அறியாதவர் யாழ்ப்பாணத்தில் இலர். இதனையும் இரவிலேயே செய்தல் வேண்டும். தேங்காய்ப்பால் விட்ட கறி விரைவில் பழுதாகும். படுக்குமுன் அதனைக் கிளறிக் கொதிக்கவைத்து வற்றச்செய்து, மூடியைத் திறவாது வைத்து, காலையில் மறுபடி கொதிக்கவைக்கவேண்டும். நீர் நன்கு வற்றிய சுண்டக்கறியைப் பாண் மாவின் உள்ளே வைத்து முக்கோணமாக மடித்துச் சட்டிப் போறணையில் சுட்டால், கடையில் மீன்பணிஸ் என விற்பதற்கு இணையானது கிடைக்கும். உருளைக்கிழங்கு, பருப்பு, மரவள்ளிக் கறிகள் இதற்கு ஏற்றவை. இக்கறி வைத்த பணிஸை அன்றே உண்ணவேண்டும். மறுநாளுக்கு வைத்தல் கூடாது.

தேங்காய் பிழிந்த சக்கையை எறியுமுன் ஒரு சொல். மூன்றாம் பால் எடுத்தபின்னும் அதில் நாரும் ஓரளவு எண்ணெயும் உண்டு. அன்றைய சக்கையை ரொட்டி மாவில் தேங்காய்ப்பூவுக்குப் பாதியாகச் சேர்த்தால் ஒரு நாளைக்கு அரைமுறித் தேங்காய் மீதியாகும். தேங்காய் விலை ஏறிய நாட்களில் இது சிறிய காரியமன்று.

தோட்டத்தில் கழிந்தவை

மரக்கறிச் செய்கையாளருக்குச் சந்தையில் கழிக்கப்படும் பொருள்களே மிகுந்த மனத்தாங்கல் தருவன. கோணிய வற்றாளை, மண்வெட்டி பட்ட உருளைக்கிழங்கு, வெடித்த பூசணி ஆகியவை விலைபோகா. ஆனால் உணவுக்கு ஒரு குறையும் இல்லை. அவித்து மசித்த வற்றாளையையோ பூசணியையோ கோதுமை மாவின் நிறையில் கால்பங்கு சேர்த்துப் பிசைந்தால் பாண் மஞ்சள் நிறமும் இனிமையும் பெறும், சீனி வேண்டாம். மசியலில் நீர் மிகுதியாதலால், பிசையும் நீரை மூன்றில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்கி, வேண்டிய அளவு பின்னர் விடவேண்டும். உருளைக்கிழங்கில் வெயில்பட்டுப் பச்சையான பகுதியிலும் முளையிலும் சொலனின் என்னும் நஞ்சு உண்டு. அவற்றை ஆழமாகச் செதுக்கி நீக்குதல் அவசியம்.

மரவள்ளி கிண்டிய இரண்டு மூன்று நாளிலேயே உள்ளே கருநீலக் கோடு விழுந்து பழுதாகும். எனவே வேண்டிய அளவே கிண்டவேண்டும். மற்றது மண்ணிலே இருக்கட்டும். அதில் ஐதரசன் சயனைட்டை வெளிவிடும் பொருள் உள்ளமையால், தோலை முற்றாக நீக்கி, சிறு துண்டுகளாக வெட்டி, நிறைய நீரில் மூடாது அவித்து, அந்நீரைக் கொட்டிவிடவேண்டும். கசக்கும் கிழங்கை எவ்வகையிலும் உண்ணலாகாது.

கணக்கு

மேற்கூறியவற்றுள் எது ஒரு வீட்டுக்குப் பயன்தரும் என்பதை அவ்வீட்டின் கணக்கே காட்டும். பள்ளிப்பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றை அடுக்களையில் தொங்கவிட்டு, ஒரு மாதத்துக்கு நாள்தோறும் மூன்று செய்திகளை எழுதிவருதல் போதும்: வாங்கிய பாணின் விலை, கொட்டிய உணவின் அளவு, வாங்கிய மாவும் எரிபொருளும். கொட்டிய சோற்றைச் சுண்டால் அளந்தே எழுதவேண்டும். முதல் வாரத்திலேயே அரிசியை எத்தனை சுண்டு குறைத்து உலையிலிடலாம் என்பது தெரிந்துவிடும். பல வீடுகளில் போறணை மூட்டுமுன்னரே பாதி மிச்சம் அங்கே கிடைக்கும். இரண்டாம் மாதத்தில் வாரம் ஒருமுறை போறணை மூட்டி, அதே மூன்றையும் எழுதி ஒப்பிட்டுப் பார்க்கலாம். விறகை விலைக்கு வாங்கும் வீட்டில் கணக்கு நட்டம் காட்டினால், பாண் சுடுதலை விடுத்து ரொட்டியும் பிட்டும் பழஞ்சோறுமாகக் காலையுணவை அமைத்துக்கொள்ளலாம். அவற்றுக்குப் போறணை வேண்டியதில்லை. சொந்த நெல்லே போதும்.